மைக்கில் சொல்லாத செய்தி

நவம்பர் 11, செவ்வாய்

விடியும் முன்பே வாடைக்காற்று. கொடியில் கிடந்த துணியெல்லாம் மாடிச் சுவரோரம்.

ஆறரைக்குத்தான் போனைப் பார்த்தேன். மீன்துறைச் செய்தி, நேற்று மாலையே வந்தது: இன்று கடலுக்குப் போகக்கூடாது. மாலைப் பூசை முடிந்ததும் அதை மாதா கோயில் மைக்கில் வாசிப்பது என் வேலை. எங்கள் தெருவில் போனை யாரும் நம்புவதில்லை. மைக்கில் சொன்னால்தான் படகும் வல்லமும் கரையில் நிற்கும்.

நேற்று போனைப் பார்க்கவே மறந்தேன். நாவலில் கடைசி இருபது பக்கம் மிச்சம். பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

அதற்குள் சங்கு குளிக்க ஐந்து வல்லங்கள் போயிருந்தன. மதியத்துக்குள் நான்கு திரும்பின. மிக்கேல் அண்ணனுடையது வரவில்லை. அவருடன் இன்னும் இரண்டு பேர்.

யாரிடமும் சொல்லவில்லை.

மாலை. கரையில் கூட்டம். மைக் ரிப்பேர் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். பழி, கோயில் வேலைகளையும் மைக்கையும் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மேல். "அவருக்குக் காதும் போச்சு, மைக்கும் போச்சுலே" என்றார் ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

நவ. 12, புதன்

காற்று குறையவில்லை. தேடப் போன படகுகள் வெறுமனே திரும்பின.

உபதேசியார் காலையிலிருந்து மைக்கைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். ஹலோ, ஹலோ. அமலி வாசித்திருப்பாள், ஒலிதான் வெளியே வந்திருக்காது என்று எனக்காக எல்லோரிடமும் சொல்கிறாராம்.

நேற்றிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. முழங்காலில் இரண்டு செபமாலை. ஒவ்வொரு மணிக்கும் என்னையே திட்டினேன். பிறகு உறைத்தது. என்னை நானே தண்டித்துக்கொண்டிருக்கும்வரை வேறு யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை. வசதியான தவம்.

உபதேசியார் மறந்திருந்தால்? காபி போட்டுக் கொடுத்திருப்பேன். மறதி யாருக்குத்தான் இல்லை என்றிருப்பேன். தன்னை நேசிப்பதுபோல அடுத்தவரையும் நேசிக்கச் சொன்னார் ஆண்டவர். நான் என்னை நடத்துகிற விதத்தில் அடுத்தவரை நடத்தினால் தெருவில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

குசினியில் ஒரு டம்ளர் காபி. முகம் கழுவினேன். மிக்கேல் அண்ணன் மனைவி ரோஸ்லின் மதினியிடம் போய்ச் சொன்னேன்.

மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "இப்ப ஒம் மொகத்தப் பாக்க முடியல, ஏளா. போ. மொதல்ல உபதேசியாருட்ட சொல்லு. பாவம், அந்த மைக்கத் தட்டிக்கிட்டே நிக்காவ."

அவரிடம் சொன்னேன். கரையிலும் சொன்னேன். ஒருவர் காறித் துப்பினார். மணலைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நவ. 13, வியாழன்

காற்று தணிந்தது. மணப்பாடு பக்கம் மிக்கேல் அண்ணன் வல்லம் ஒதுங்கியிருக்கிறதாம், இப்போதுதான் போன். ஆள் இருக்கிறார்களா, எத்தனை பேர், தெரியவில்லை.

வாசலில் ஆட்டோ. உள்ளே ரோஸ்லின் மதினி. என்னைப் பார்க்காமல்தான் பேசினாள்.

"தனியாப் போவ பயமா இருக்கு. ஏறு."

தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே வந்தேன். ஐந்து பாட்டில் நிரப்புகிறேன். மதினிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அவர்கள் மூன்று பேருக்கும்.