கேள்வியையே எழுதிய விடைத்தாள்

சென்னை
9.9.2024

அன்புள்ள வீரமுத்து மாமாவுக்கு,

போனில் பேசினால் காலேஜ் ஹாஸ்டல் அறையில் கூட இருக்கும் மூன்று பேரும் கேட்பார்கள். அதனால்தான் கடிதம். இயற்பியல் முதல் தேர்வில் ஐம்பதுக்கு மூன்று மார்க். வகுப்பு முழுக்க இங்கிலீஷில் ஓடுகிறது. நம்மூர்ப் பள்ளியில் முதலாவதாக வந்தவள் இங்கே கடைசி. அம்மாவிடம் சொல்லாதீர்கள். அக்டோபர் முதல் ஞாயிறு வந்து என்னை ஊருக்கே அழைத்துப் போய்விடுங்கள். நம்பாவிட்டால் விடைத்தாளைப் பாருங்கள், இதோடு வைத்திருக்கிறேன்.

தேவதர்ஷினி


கச்சிராயபாளையம்
15.9.2024

பட்டணத்து மகாராணிக்கு,

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மாமன் எழுதுவது. விடைத்தாள் வந்தது. பன்னிரண்டு பக்கம்! மூணு மார்க்குக்கு இவ்வளவு மையா? என் டிராக்டரில் கரும்புகூட இப்படி ஏற்றியதில்லை.

எனக்கும் இங்கிலீஷுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் உன் பழைய வாத்தியார் இளஞ்செழியனிடம் காட்டினேன். சிரிப்பார் என்று பார்த்தால் மனுசன் முகம் தொங்கிவிட்டது.

"இன்னா சார், இம்மாம் எழுதியும் மூணுதானா?"

"முக்காவாசி கேள்வியையே திருப்பி எழுதிக்கினு வந்திருக்குதுங்க. தெரியலன்னாலும் கேள்வியை எழுதி வை, ஏதாச்சும் மார்க் விழும்னு நான்தான் சொன்னேன். எல்லாரையும் பாஸ் காட்டணுமே. புரியலன்னு ஒரு புள்ள கை தூக்க நான் விட்டதே இல்ல."

ஆக, நீ மக்கு இல்லை. சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளை. வீட்டில் ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா?

வண்டி சொல்லி வைத்திருக்கிறேன். வரட்டுமா வேண்டாமா என்று நீயே எழுது.

உன் மூணு மார்க்குக்கும் சொந்தக்காரன்,
வீரமுத்து மாமன்


சென்னை
27.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் இயற்பியல் நடத்தும் ராதிகா மேடம் வகுப்பில் எழுந்து நின்றேன். கையைக் கட்டிக்கொண்டுதான்.

"மேடம், எனக்குப் புரியலீங்க" என்று தமிழிலேயே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"எது வரைக்கும் புரிஞ்சுதும்மா?"

"குட்மார்னிங் வரைக்கும்ங்க."

மேடமும் சிரித்துவிட்டார். பிறகு முதலிலிருந்து தமிழ் கலந்து நடத்தினார். பக்கத்தில் ஜூலியா, பெரிய கான்வென்டில் படித்தவள், வேகவேகமாக எழுதிக்கொண்டாள். "உனக்குமா?" என்றேன். "மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன்ப்பா. இப்பதான் புரியுது" என்றாள்.

அடுத்த தேர்வு முடிந்தது. ஆறு கேள்வியில் நாலைத் தொடவே இல்லை. கேள்வியைத் திருப்பி எழுதாமல் அந்தப் பக்கங்களை வெறுமையாகவே கொடுத்தேன். எழுதிய இரண்டும் சரி. ஐம்பதுக்குப் பதினாறு மார்க். பாஸாக இன்னும் நாலு வேண்டும். அதை இங்கிருந்தே வாங்கிக்கொள்கிறேன். வண்டி வேண்டாம் மாமா.

தேவதர்ஷினி


கச்சிராயபாளையம்
10.10.2024

பதினாறு மார்க் மகாராணிக்கு,

வண்டிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. உன் அம்மாவிடம் பதினாறு மார்க் என்றேன். எத்தனைக்கு என்று அக்கா கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இருபதுக்கு என்று நினைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் குஞ்சம்மாளிடம் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறாள். நீ சீக்கிரம் பாஸாகி என்னைக் காப்பாற்று.

இளஞ்செழியன் சார் உன் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் போனார். மறுநாள் வகுப்பில், "புரியாதவங்க பயப்படாம கை தூக்குங்க" என்றாராம். மொத்த வகுப்பும் தூக்கிவிட்டதாம். நாலு நாளாக மனுசன் முதல் பாடத்தைத் தாண்டவில்லை.

வீரமுத்து மாமன்