நான் உள்ளே போனால் நின்றுவிடும் பேச்சு

ஜனவரி 21, 2025

பிரிட்ஜைத் திறந்தால் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஆட்டு மூளை. என் வீட்டுக்காரர் அரூர் கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கி வந்திருக்கிறார். சமைக்க அல்ல. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளை நரம்பு மண்டலம் பாடமாம், காட்ட வேண்டுமாம்.

"என் தயிரு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன். ஒரு மூளையைத் தட்டில் வைத்துக்கொண்டு எனக்கே பாடம் எடுத்தார். இது பெருமூளை, இது சிறுமூளை, இங்கே பாரு முகுளம், இங்கேதான் நரம்பெல்லாம் குறுக்கே கடந்து போகுது, அதனால இடது பாதி வலது கையை ஆளுது. விலங்கியல் வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். நாளைக்கு என் சத்துணவுக் கூடத்தில் நூற்றிருபது முட்டை வேக வேண்டும், அதைப் பற்றி யாருக்குக் கவலை?

தட்டை மூன்று தரம் கழுவினேன்.

ஜனவரி 22

பிள்ளைகள் கைதட்டினார்களாம். வாய் ஓயவில்லை அவருக்கு.

பிப்ரவரி 6

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. எப்படி எழுத?

செவ்வாய்க்கிழமை முதல் பீரியடில் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் எடுக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது கை, வலது கால். வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பிள்ளைகளே ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டு, தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நான் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையோடே பஸ் ஏறினேன்.

ஸ்கேனில் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. டாக்டர் சொல்லச் சொல்ல எனக்கு அந்தத் தட்டுதான் கண்ணில் நிற்கிறது. இடது பாதி வலது கையை ஆளுது. பேச்சும் இடது பக்கந்தானாம்.

ஏகப்பட்ட படிவம். பெயர் நஞ்சப்பன், வயது ஐம்பத்தாறு. தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினேன். பிறகு கையெழுத்து, கையெழுத்து, கையெழுத்து.

பிப்ரவரி 10

கால் கொஞ்சம் அசைகிறது. வாய் திறக்கவில்லை. என்னைப் பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் யார் என்று தெரிகிறதா?

பிப்ரவரி 12

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறாள், ஜெயராணி என்று பெயர். சின்னப் பெண், பொறுமைசாலி. படம் படமாகக் காட்டினாள். மாடு, சாவி, குடை. "சார், இது என்னங்க சார்?" அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதடு பிரிகிற மாதிரி இருந்தது, பிறகு மூடிக்கொண்டது. பன்னிரண்டு படம், ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஜெயராணி என்னை வெளியே கூப்பிட்டு, பேச்சு வராதது ஒன்று, சொல்வது புரியாதது இன்னொன்று, சாருக்கு இரண்டுமே இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றாள். அவருக்கா புரியாது? ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிற மனுஷனுக்கா?

மகள் காவியா கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு, இன்று மாலை அழுதுகொண்டே போனாள். லீவு இல்லை.

பிப்ரவரி 14

வார்டில் பெருக்கித் துடைக்க வரும் தீர்த்தம்மாள் இன்று என்னிடம் சொன்னது: "சார் நல்லாத்தானங்க பேசறாரு. காலைல எங்கிட்ட தண்ணி கேட்டாரு, காலை நீட்டி வுடச் சொன்னாரு. உங்க எதிர்லதான் கம்முனு படுத்துக்கறாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏம்மா, எங்க கஷ்டம் உனக்கு வேடிக்கையா இருக்குதா?" என்று கத்திவிட்டேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். பத்து நாளாக ஆ என்ற சத்தம்கூட இல்லாத மனுஷன் பெருக்குகிறவளிடம் பேசுவாராம்.

பிப்ரவரி 15

பேசுகிறார்.

காலையில் இட்லி வாங்கப் போகிற மாதிரி போய்விட்டு, திரும்பி வந்து தட்டிக்குப் பின்னால் நின்றேன். திருட்டுத்தனந்தான், நின்றேன். தீர்த்தம்மாள் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். குழறலாக, திக்கித் திக்கி, ஆனாலும் சொன்னார். நீரு பேக்கு, தண்ணீர் வேண்டுமாம். இன்னும் என்னென்னவோ. கன்னடம்! இரண்டு பேரும் கன்னடத்தில் பேசுகிறார்கள். அவர் சிரிக்கக்கூட சிரித்தார், ஒரு பக்க வாயால்.

நான் உள்ளே போனேன். வாய் மூடிவிட்டது. குழாயைத் திருகி அடைத்தாற்போல.

அட, இது என்ன? என்ன நடக்குது இங்க? இருபத்தேழு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். என் வூட்டுக்காரர் ஒரு வார்த்தை கன்னடம் பேசி நான் கேட்டதில்லை. அவங்க ஊர் பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், அம்மா கன்னடக்காரி, ஒன்பது வயசுல அம்மா போனதும் சித்தப்பா வூட்டுக்கு அரூர் வந்துட்டார், இதெல்லாம் தெரியும். மறந்தே போயிருக்கும்னு நினைச்சிருந்தேன். தமிழ்ல படிச்சு, தமிழ்ல பாடம் எடுத்து, தமிழ்ல என்னோட சண்டை போட்டு — அந்தத் தமிழ் எங்க போச்சு? சரி, போனா போகட்டும். கன்னடத்துலயாவது என்கிட்ட தண்ணி கேக்கலாமில்ல? பெருக்குறவகிட்ட கேக்கற மனுஷனுக்கு நான் அத்தனை ஆகாதவளா?

தீர்த்தம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட வுடுங்க" என்றாள்.

பிப்ரவரி 16

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அவருடைய பாடக் குறிப்பை எடுத்துப் படித்துப் பார்த்தேன். பெருமூளையின் இடது பக்கம் முன்பகுதியில் பேச்சுக்கான இடம், அதற்குக் கொஞ்சம் பின்னால் புரிந்துகொள்வதற்கான இடம். படம் போட்டு அம்புக்குறி போட்டு அழகாக எழுதியிருக்கிறார். இரண்டு மொழி தெரிந்தவனுக்கு என்ன என்று எங்கேயும் இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி அறையா? ஒரு அறை இடிந்து இன்னொன்று தப்பித்ததா? அப்படியே இருந்தாலும் நான் வந்ததும் வாயை மூடச் சொல்வது எந்த நரம்பு?

பக்கத்து வீட்டு மாது அக்கா வேறு, செத்துப்போன மாமியார்தான் அவர் மேல் வந்து பேசுகிறார் என்கிறார். உடுக்கை அடிக்கிறவரை அழைத்து வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 18

ஜெயராணியிடம் சொல்லிவிட்டேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லங்க? ஃபாரத்துல தாய்மொழி தமிழ்னு போட்டிருக்கீங்க. நான் அதை வெச்சுதானுங்க டெஸ்ட் பண்ணினேன்."

இப்படிச் சிலருக்கு ஆகுமாம். இரண்டு மொழியும் பின்னிக்கொண்டுதான் மூளையில் இருக்குமாம், தனி அறை எல்லாம் கிடையாதாம். ஆனால் அடிபட்ட பிறகு ஒன்று முதலில் வரும், மற்றது பின்னால் வரலாம், வராமலும் போகலாம். எது முந்தும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். இப்போதைக்கு ஒரே மொழியில் பயிற்சி கொடுப்பது நல்லது, எந்த மொழி என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள், வீட்டில் யார் அவரோடு நாள் முழுக்கப் பேசப்போகிறார்களோ அதையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

நாள் முழுக்கப் பேசப்போகிறவள் நான். எனக்குத் தமிழ்தான் தெரியும். தமிழ் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஒரு சொல்லில் அவருடைய ஒரு வாரத்தைப் பாழாக்கினேன். இன்னொரு சொல்லில் மிச்சத்தையும் பாழாக்கிவிடுவேனோ?

பிப்ரவரி 20

நாத்தனார் முனியம்மாளுக்கு போன் போட்டு வரச் சொல்லியிருந்தேன். ஊரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு அவள் அதிகம் வந்ததில்லை. கல்யாணம், காதுகுத்து, அவ்வளவுதான். அண்ணன்தான் வருஷத்துக்கு இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பேச்சுச் சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தம். அழுகை, அவளுடையதா அவருடையதா தெரியவில்லை. பொறாமையாக இருந்தது, சொல்வதற்கென்ன. பிறகு பொறுக்க முடியாமல் உள்ளே நுழைந்தேன். அவர் அவள் கையைத் தட்டி ஏதோ முணுமுணுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"இப்ப என்ன சொன்னாரு?" என்றேன்.

முனியம்மாள் தரையைப் பார்த்தாள். "வேணாம் அண்ணி."

"சொல்லு. என்னை யாருன்னு கேட்டாரா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க அண்ணி. மெல்ல பேசு, அவ வந்துட்டா, அவளுக்கு இது ஆகாதுன்னு சொல்லுது அண்ணன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எது ஆகாது? எனக்கு எப்போது ஆகாது?

"நீங்கதான அண்ணி சொன்னீங்க. கல்யாணமான புதுசுல நானும் பெரியப்பா மவளுங்களும் வந்து பேசிச் சிரிச்சிக்கிட்டிருந்தோமில்ல. நீங்க அழுதுகிட்டு உள்ள போயி, எனக்குப் புரியாத பேச்சு இந்த வூட்ல இருக்கக் கூடாதுன்னு அண்ணன்கிட்ட சொன்னீங்க. அண்ணன் வெளிய வந்து எங்ககிட்ட, இனிமே இங்க கன்னடம் வேணாம்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் நாங்களும் வர்றதைக் குறைச்சுக்கிட்டோம்."

மறந்துபோயிருந்தேன். சத்தியமாக மறந்துபோயிருந்தேன். இருபத்துநாலு வயசுக்காரி, சேலத்திலிருந்து வந்தவள், என் மூக்கைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் அழுதேன். ஒரு நாள் கோபம். அந்த மனுஷன் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு இருபத்தேழு வருஷம் நடந்திருக்கிறார். தமிழ் போச்சு, கை போச்சு, கால் போச்சு, அந்தச் சட்டம் மட்டும் போகவில்லை.

என்னை யாரென்று தெரியாமல் மூடவில்லை அந்த வாயை. தெரிந்துதான் மூடியிருக்கிறார்.

பிப்ரவரி 21

கன்னடம் என்று ஜெயராணியிடம் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கன்னடம் வராது. முனியம்மாள் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும், மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். "இருக்கறேன் அண்ணி" என்றாள் உடனே. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 23

முனியம்மாளிடம் கேட்டு இரண்டு கன்னட வாக்கியத்தை ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். பஸ்ஸில், படிக்கட்டில், கக்கூஸில் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றால் தாளை வைத்த இடம் தெரியவில்லை. வாய்க்கு வந்தபடி சொன்னேன்.

"மாத்தாடி. நனகெ கோபா இல்லா." பேசுங்க, எனக்குக் கோபம் இல்லை.

அவர் நம்பவில்லை. முனியம்மாளைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். நான் இன்னொரு தரம் சொன்னேன், இந்தத் தரம் அழுகையோடு சேர்ந்து வந்துவிட்டது. இடது கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். என்னென்னவோ சொன்னார், நிறுத்தாமல் சொன்னார். ஒரு எழுத்துகூட எனக்குப் புரியவில்லை. முனியம்மாளிடமும் கேட்கவில்லை.

மார்ச் 9

வீட்டுக்கு வந்துவிட்டோம். குச்சி ஊன்றி வாசல் வரை நடக்கிறார்.

ஏப்ரல் 2

படத்தில் பன்னிரண்டுக்கு ஒன்பது கன்னடத்தில் சரியாகச் சொன்னார். கூடவே உட்கார்ந்து கன்னடம் படிக்கிற நான் ஆறு. முனியம்மாளைக் கேட்டு ஜெயராணி எனக்கும் மார்க் போடுகிறாள், வெட்கக்கேடு. என் உச்சரிப்பைக் கேட்டு அண்ணனும் தங்கையும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

ஏப்ரல் 27

காவியா போனில், "அப்பாவுக்குத் தமிழ் வரவே வராதாம்மா? எங்கிட்ட எப்படிம்மா பேசுவாரு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். நான் எடுத்த முடிவு சரிதானா? பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போனால் எதில் பாடம் எடுப்பார்? தமிழ் என்று சொல்லியிருந்தால் இந்நேரம் வந்திருக்குமோ? தெரியாது, தெரியாது. இந்த மூன்று மாதத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை இதுதான்.

மே 18

தமிழில் சொன்னால் எல்லாம் புரிகிறது அவருக்கு. வாயில்தான் வரவில்லை.

ஜூன் 15

ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா மகள்கள் இரண்டு பேர் அவரைப் பார்க்க வந்திருந்தார்கள், பலாப்பழத்தோடு. வெகுநாள் கழித்து எங்கள் வீட்டுக் கூடம் நிறைய ஆள். முனியம்மாள் சுளை எடுக்க, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கன்னடத்தில் பேச்சு. மெதுவாகப் பேசினால் எனக்குப் பாதி புரியும். இவர்கள் எங்கே மெதுவாகப் பேசுகிறார்கள்? அவர் ஏதோ சொன்னார், திக்கினாலும் வேகமாகவே சொன்னார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குச் சுருக்கென்றது. இத்தனைக்குப் பிறகும். முகத்தில் காட்டாமல் சுளையிலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். என்னையே பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, என்னவோ ஏதோ என்று நான் பதறி எழுந்தேன். இடது கையை உயர்த்தி என்னை உட்காரச் சொன்னார்.

"உன்ன," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உன்னப் பத்தி... இல்ல."

முனியம்மாள் சுளையைக் கீழே போட்டுவிட்டாள். "அண்ணி, தமிழு!" என்றாள்.

நான் எல்லோருக்கும் காபி போட எழுந்து போனேன். எதற்குச் சிரித்தார்கள் என்று இதுவரை கேட்கவில்லை.