பச்சைக் காய் பறித்தவன்

ஜனவரி 21

ஆரஞ்சு கொப்பிலேயே உறைந்து கல்லாய்ப் போன வருடம் இது. நாலு நாள் உறைபனி. அந்த வாரம்தான் கோயில் மணியின் நாக்கு கழன்று விழுந்தது. அந்த வாரம்தான் டாக்டரும் சொன்னார், சுகருக்கு இனி மாத்திரை கேட்காது, ஊசிதான் என்று.

எனக்கு எழுதத் தெரியாது. சுகர் அளவைக் குறிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டு இது. நான் சொல்லச் சொல்லக் கொழுந்தியாள் தொமாசா எழுதுகிறாள். இன்றைய கட்டத்தில் அளவுக்குப் பதில் இதை எழுதச் சொன்னேன்: ஊசி போட மாட்டேன்.

ஜனவரி 22

என்ன சாப்பிடலாம் என்று ஒரு தாளும் கொடுத்திருக்கிறார்கள். பழுப்பு ரொட்டி, பச்சையாய்ப் பூப்போல ஒரு காய், ஒன்றும் தடவாத மீன். எழுத்து இந்த நாட்டு மொழி இல்லை, நம் மொழிதான், தொமாசா வாசித்தாள். மொழி நம்முடையது, சாப்பாடு யாருடையது? நம் சோள ரொட்டி தோர்த்தியா இல்லை, பீன்ஸ் இல்லை, மிளகாய்கூட இல்லை. கிளிக்கூண்டுக்கு அடியில் விரித்துவிட்டேன். கிளி தன் கருத்தைச் சொல்லிவிட்டது.

பிப்ரவரி 2

மெழுகுத்திரித் திருநாள். மூன்று ராஜாக்கள் திருநாளன்று ரொட்டிக்குள் வைத்த பொம்மை என் துண்டில்தான் வந்தது. அதனால் இன்று எல்லோருக்கும் தமால் போடுவது என் முறை. சோளமாவைத் தோகையில் கட்டிக் கட்டி விரல் வீங்கிவிட்டது. பொம்மை கிடைத்தவன் பட்டினி கிடந்தால் நன்றாகவா இருக்கும்? ஐந்து தின்றேன்.

சுகர் 341. தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதுகிறாள்.

"கண்ணு போயிரும்னு டாக்டர் சொன்னாருல்ல, அத்தான்?"

ஊசி போட்டால்தான் போகும் என்றேன். அதையும் எழுது.

பிப்ரவரி 9

ஊசிக்குப் பயம் என்கிறாள் தொமாசா. பயமா? நிக்கானோர் ஊசி போட்டான், குருடானான். குரூஸ் ஊசி போட்டான், குருடானான். இரண்டு பேரையும் கக்கூசுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன் நான். தாள் அச்சடித்தவனா வந்து கூட்டிப்போனான்?

சொந்த ஊர் மிச்சோவாகானிலிருந்து எல்லை தாண்டி ஒரே லாரியில், அவர்களையும் சேர்த்துப் பதினொரு பேர் வந்தோம். முப்பது வருடம் ஒன்றாய் ஆரஞ்சு பறித்தோம். எங்களில் முதலில் ஊசிக்கு ஒப்புக்கொண்டவன் செனோபியோ. டாக்டர் சொன்ன மறுநாளே. சாப்பாட்டு நேரத்தில் லாரிக்குப் பின்னால் போய்ச் சட்டையைத் தூக்குவான். தையல்காரி என்று பேர் வைத்தோம். வைத்தவன் நான்தான். கொஞ்ச நாளில் வேறு ஊருக்குப் போய்விட்டான். இருபது வருடமாயிற்று. இந்நேரம் அவனும் சுவரைத் தடவிக்கொண்டுதான் இருப்பான்.

பிப்ரவரி 24

கோயில் கூடத்தில் சுகர்காரர்களுக்கு வகுப்பு என்று தொமாசா இழுத்துப்போனாள். நடத்துகிறவள் பெயர் ஒதிலியா. அவள் அம்மா ஆரஞ்சுக் கொட்டகையில் பெட்டி கட்டினவள். பேச்செல்லாம் நம்ம பேச்சு. தாள் ஒன்றும் கொண்டுவரவில்லை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவராய்க் கேட்டாள்.

என் முறை வந்ததும் எழுந்து நின்று நிக்கானோர் கதையைச் சொன்னேன். அவளை மடக்கத்தான் போனேன். பின்னால் எத்தனையோ தலை ஆடியது.

அவள் மறுத்துப் பேசவில்லை. "உங்க ஞாபகத்துக்கு முன்னாடி யாரும் நிக்க முடியாதுன்னு தொமாசாக்கா சொன்னாங்க. அவரு ஊசி ஆரம்பிச்சது எந்த வருஷம், பெரியவரே?"

ஆறு பாலத்தை அடித்துக்கொண்டு போன வருடம், மே மாதம். கிறிஸ்துமஸுக்குள் கண் போயிற்று.

"அதுக்கு முந்தின வருஷம் என்ன வேலை பாத்தாரு?"

இது ஒரு கேள்வியா? கீழே நின்று பெட்டி தூக்கினான் என்றேன். மேஸ்திரி அவனிடமிருந்து ஏணியைப் பிடுங்கிவிட்டார்.

ஏன் என்றாள்.

"பச்சைக் காயையும் பழத்தையும் ஒண்ணாப் பறிச்சுப் பையில போட்டான். அதனாலதான்—"

அதோடு வாய் நின்றுவிட்டது. அவள் பக்கத்து ஆளிடம் போய், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றாள்.

பிப்ரவரி 25

சோம்பேறி என்று திட்டினோமே அவனை. பச்சை எது, பழம் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஊசிக்கு ஒரு வருடம் முன்னாலேயே தெரியவில்லை.

குரூஸ்? ஊசிக்கு முந்தின கோடையில் வண்டியை வாய்க்காலில் விட்டான். குடிச்சிருக்கான்னு சிரிச்சோம். குடிக்கலை. குடிக்கவே இல்லை அவன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குன்னு இத்தனை நாள் மார் தட்டினேனே, எதை வெச்சிருந்தேன்?

தொமாசா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா.

பிப்ரவரி 26

318.

மார்ச் 3

ஒதிலியாவிடம் போனேன். ஜெயித்துவிட்டதாக நினைக்காதே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "நீ சொல்லி நான் கேக்கல. என் ஞாபகம் சொல்லிக் கேக்குறேன்."

"அதுக்குத்தானே நான் வாயைத் தொறக்கல" என்றாள்.

தோர்த்தியாவை விடமாட்டேன் என்றேன். யார் விடச் சொன்னது, வேளைக்கு எத்தனை என்றாள். ஆறு. இரண்டு என்றாள். பீன்ஸ் உண்டு, மிளகாய் உண்டு, சப்பாத்திக்கள்ளி மடல் வதக்கி எவ்வளவு வேண்டுமானாலும். நான் மூன்றில் நின்றேன். அவள் இரண்டில் நின்றாள். வீட்டுக்கு வந்து கேட்டால் தொமாசா நோட்டில் இரண்டு என்றே எழுதியிருக்கிறாளாம். எழுதத் தெரிந்தவள் கையில்தான் அதிகாரம்.

மார்ச் 4

ஊசி போட்டேன். தொப்புளுக்குப் பக்கத்தில். ஆரஞ்சு முள் இதைவிட ஆழமாய்க் குத்தும்.

ஏப்ரல் 15

சுகர் 164. செனோபியோ பக்கத்து ஊரில் மகள் வீட்டில் இருப்பதாக ஒதிலியா விசாரித்துச் சொன்னாள். தொமாசாவோடு பஸ் ஏறிப் போனேன்.

ரோட்டைக்கூடத் தாண்டவில்லை. அந்தப் பக்கம் முற்றத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல்:

"எவரிஸ்தோ, பொத்தானை மாத்திப் போட்டிருக்கடா."

குனிந்து பார்த்தேன். மாற்றித்தான் போட்டிருந்தேன். கூடவே வந்த தொமாசாவுக்கே தெரியவில்லை.

உள்ளே போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டினேன், நீலம் பாரித்திருந்த இடத்தை. ஒரே இடத்தில் குத்துகிறாய், மாற்றி மாற்றிக் குத்து என்றான். "தையல்காரிகிட்ட வந்துதான் கத்துக்கணும் போல."

அந்தப் பேரை வைத்தவன் நான் என்றேன்.

"தெரியும். ஒக்காரு, சாப்பிடு."

இரண்டு தோர்த்தியா வைத்தான். அவனுக்கும் இரண்டு.

வீட்டுக்கு வந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினொரு பேரையும் எழுதச் சொன்னேன். நிக்கானோருக்குச் சிலுவை. குரூஸுக்குச் சிலுவை. மற்ற ஏழு பேருக்கும், யார் எந்த வருடம் என்று நான் சொல்ல, ஒவ்வொன்றாய்ச் சிலுவை. என்னை விட்டுவிடு, நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேனே. அப்புறம் உயிரோடு இருப்பது ஒரே ஆள்.

செனோபியோ.