ரொட்டி இல்லாத லப்லாபி

பிஸெர்த், மார்ச் 9

அன்பு மகன் ஸியாதுக்கு, அம்மா எழுதுவது. இறைவன் அருளால் என் மூச்சும் முழங்காலும் ஒழுங்காக இருக்கின்றன. மொன்றியால் குளிரில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் நீ என்னை முடிக்கவிட மாட்டாய், அதனால்தான் கடிதம்.

டிசம்பரில் என் மூன்று மாதச் சர்க்கரை அளவு எட்டரை என்று வந்ததும், "அடுத்த தடவை ஏழுக்கு மேல வந்தா பேச்சே கிடையாதும்மா, வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடணும்" என்று சொல்லி ஏப்ரலுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். நானோ, ரொட்டியை விட்டு ஆறு மாதமாயிற்று, மருந்துதான் சரியில்லை என்று டாக்டரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். உண்மையைக் கண்டுபிடித்தவள் மேல்வீட்டு ஹயாத், என்னிடம் கணக்குப் படித்தவள், இப்போது நர்ஸ். ஒருநாள் காலையில் அவள் வந்தபோது நான் பழைய ரொட்டியைக் கிண்ணத்தில் பிய்த்துப் போட்டு, அதன்மேல் கொண்டைக்கடலையைக் கொதிக்கக் கொதிக்கச் சாற்றோடு ஊற்றிக்கொண்டிருந்தேன். "டீச்சரம்மா, ரொட்டியை விட்டாச்சுன்னீங்க, அப்போ இது என்ன பஞ்சா?" என்றாள். இது லப்லாபி அல்லவா, ரொட்டி எங்கே இருக்கிறது என்றேன். "கிண்ணத்துல விழுந்தா ரொட்டி ரொட்டி இல்லாமப் போயிடுமா? எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தது நீங்கதானா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீயும் சிரிக்காதே. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதைத்தான் ரொட்டி என்பார்கள். தினமும் அரை ரொட்டி இப்படிக் கணக்கில் வராமல் உள்ளே போயிருக்கிறது.

அதற்காக லப்லாபியை விட்டுவிடுவேனா? ரொட்டி இருந்த இடத்தில் ஒரு கட்டுக் கீரையை நறுக்கிப் போட்டேன். கடலையை முதல் நாளே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பூண்டும் சீரகமும் போட்டு, விரலால் நசுக்கினால் மசியும்வரை வேகவைக்கிறேன். உப்பு கடைசியில்தான், அதுவும் பாதி. பாக்கியை எலுமிச்சை பார்த்துக்கொள்கிறது. ஒரு கிண்ணக் கடலை, மேலே அரைவேக்காட்டு முட்டை, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய், விரல் நுனியளவு ஹரிஸ்ஸா மிளகாய் விழுது. கடலையிலும் மாவுச்சத்து உண்டு, அதனால் இரண்டாம் கிண்ணம் கிடையாது. முதல் வாரம் கரண்டி ரொட்டியைத் தேடிக் கிண்ணத்தைச் சுரண்டியது. இப்போது தேடுவதில்லை. டின்னில் வரும் உப்புக் கடலையை வாங்கித் தின்னும் நீ எனக்குப் பத்தியம் சொல்கிறாய்!

நேற்று முடிவு வந்தது. ஏழு புள்ளி இரண்டு. மறைக்க மாட்டேன், உன் நிபந்தனைப்படி நான் தோற்றுவிட்டேன். எட்டரையிலிருந்து ஏழே காலுக்கும் கீழே இறங்கிய பிள்ளையை முப்பத்தோரு வருடத்தில் நான் ஃபெயில் போட்டதில்லை, ஆனால் அதைச் சொல்லி உன்னிடம் மார்க் கேட்கவில்லை. ஆறு என்று வந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன், பத்து என்று வந்திருந்தாலும் இதையேதான். நான் வரமாட்டேன். என் ரத்தத்தை டாக்டர் அளக்கட்டும். நான் எங்கே குடியிருப்பது என்பதை அந்தத் தாளைப் பார்த்து நீ தீர்மானிக்க முடியாது.

உனக்கும் மருமகளுக்கும் இறைவன் நீண்ட ஆயுளும் நல்ல பசியும் தரட்டும். டிக்கெட்டை வெள்ளிக்கிழமைக்குள் ரத்து செய். செய்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, ரத்தானதற்கான தாளை அனுப்பு, பார்த்துத் திருத்துகிறேன்.

இப்படிக்கு,
தன் வீட்டிலிருந்து,
உன் அம்மா ராதியா