மூன்று நாளைக்கு மேல் வேண்டாம்

ஜூலை 4, வெள்ளி

நர்சிங் பள்ளியில் இரண்டாம் ஆண்டுப் பெண்களுக்கு மூக்கடைப்பு மருந்துகள் பாடம் முடித்தேன். மூக்குக்குள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சொட்டு மருந்து சுருக்கும், காற்றுக்கு வழி கிடைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் கவனம் வேண்டும். மூன்று நாளைக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் இறங்கும்போது அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். அதற்காக மறுபடி போடுவார்கள். பிறகு அதை விடவே முடியாது. பலகையில் பெரிதாக ஒரு மூன்று எழுதி வட்டம் போட்டேன்.

இடைவேளையில் கழிப்பறைக்குப் போய் இரண்டு பக்கமும் சொட்டு விட்டுக்கொண்டேன். வெட்கம் என்று ஒன்று இருந்தால் இந்நேரம் வந்திருக்க வேண்டும்.

ஜூலை 9

மழை. பாட்டில் தீர்ந்தது. தெரிந்த கடைக்குப் போகாமல் பேருந்து நிலையத்துப் பக்கம் போய் இரண்டாக வாங்கினேன். ஒன்று பையில், ஒன்று தலையணைக்கு அடியில்.

ஜூலை 13, ஞாயிறு

தேச்சுவின் குழந்தை பூவிக்குச் சளி. பிறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பால் குடிக்க முடியாமல் மூக்கு கொறகொறவென்கிறது. தேச்சுவிடம் உப்புநீர்ச் சொட்டு கொடுத்தேன். கொழுந்தன் உத்தய்யாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஆனால் என் பேச்சை அவள் முழுசாக நம்பியதே இல்லை.

“இவ்வளவு படிச்சுட்டு உப்புத்தண்ணிதானா, அக்கா?”

“இந்த வயசுக்கு அதுதான். வேற சொட்டும் கூடாது, இருமல் சிரப்பும் கூடாது.”

“கடல்ல கிடக்கிறத பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்க. அதையும் வாங்கிட்டு வர்றீங்க.”

ஓரகத்தி என்றால் இப்படித்தான் இருப்பாள் போலிருக்கிறது.

ஜூலை 16

இருமல் பாடம். வறட்டு இருமலை அடக்கலாம். சளியோடு வரும் இருமலை அடக்கக் கூடாது, உள்ளே இருப்பதை உடம்பு வெளியே தள்ளப் பார்க்கிறது. சளியை இளக்க எது நல்ல மருந்து என்று ஒருத்தி கேட்டாள். தண்ணீர் என்றேன். சிரித்தார்கள். எழுதிக்கொள்ளவில்லை.

ஜூலை 23, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பள்ளி முடிந்து மடிக்கேரியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தேச்சு சிரித்துக்கொண்டே வந்தாள். “இன்னிக்கு மூக்கு நல்லா திறந்துடுச்சு அக்கா. மத்தியானத்துலேர்ந்து தூங்கறா.” மத்தியானத்திலிருந்தா? தொட்டிலுக்குள் கையை விட்டேன். கால் சில்லென்றிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. நூற்றைத் தாண்ட வேண்டிய துடிப்பு எழுபதுகூட வரவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன், முனகவில்லை. ஐயோ, என் தங்கமே என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை.

உத்தய்யா ஜீப்பை எடுத்தான். எங்கள் பள்ளியோடு சேர்ந்த ஆஸ்பத்திரிதான். குழந்தைகள் வார்டில் டாக்டர் நாகவேணி கேட்டார்: “என்ன குடுத்தீங்க?”

“பால் மட்டும்தான்” என்றாள் தேச்சு.

கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கலாம், முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஊசித் தட்டு வந்துவிட்டது. காய்ச்சல் இல்லை. உடம்பு குளிர்ந்திருக்கிறது, துடிப்பு குறைவு, கண்மணி சிறுத்திருக்கிறது. பெரியவர்களுடைய சொட்டு சின்னக் குழந்தைக்குள் போனால் இப்படித்தான் ஆகும். இதை நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

“தேச்சு, என் தலகாணிக்கு அடியில இருந்ததா?”

அவள் உத்தய்யாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “நீங்க தினம் போடறத பாத்திருக்கேன். நர்ஸு தனக்குக் கெட்டதையா போட்டுக்குவாங்க? நல்லத நீங்க வச்சுக்கிட்டு எனக்கு உப்புத்தண்ணியக் குடுக்கறீங்கன்னு நெனச்சேன்.”

“யாரோட மருந்து?” என்றார் டாக்டர்.

“என்னோடது.”

“எவ்வளவு நாளா போடறீங்க?”

உத்தய்யா நிற்கிறான். என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் ஊசித் தட்டோடு நிற்கிறார்கள். சளி பிடித்தது, மூன்று நாள்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

“ரெண்டு வருஷமா, டாக்டர்.”

டாக்டர் ஊசித் தட்டை எடுத்துப் போகச் சொன்னார். முறிக்க மருந்து கிடையாது. கதகதப்பாக வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, மூச்சையும் துடிப்பையும் விடாமல் பார்த்துக்கொண்டு, சொட்டின் வேகம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். தேச்சு என் பக்கத்தில் உட்காரவில்லை.

காலையில் பூவி பசித்து அழுதாள். தேச்சுவும் அழுதாள். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஜூலை 25

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உத்தய்யா என்னிடம் பேசுவதில்லை. என் வீட்டுக்காரர் பித்தப்பா சமாதானம் சொல்கிறார்: “நீ வேண்டாம்னு சொல்லியும் அவதானே போட்டா. உன்மேல என்ன தப்பு?” நான் சொன்னதை அவள் கேட்கவில்லை, நான் செய்ததைச் செய்தாள். இதை அவரிடம் சொல்லப் போனால் சண்டையில் முடியும்.

இரண்டு பக்கமும் ஒரே நாளில் சொட்டை நிறுத்தினால் தாங்காது என்றார் டாக்டர். முதலில் இடது பக்கம். அதற்கு வேறொரு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். மிச்சமிருந்த பாட்டில் இனி பீரோவில், சாவி என்னிடம்.

ஜூலை 28

இடது மூக்கில் சுவர் எழுப்பியது போல் இருக்கிறது. வாயால் மூச்சு, நாக்கு வறட்சி. பித்தப்பா என் குறட்டை தாங்காமல் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எங்கள் குடகுக் கணக்கில் கக்கட மாதம் பதினெட்டாம் நாள். வழக்கம்போல் மருந்துத் தழைப் பாயசம், கத்தரிப்பூ நிறத்தில். இன்றைக்கு அந்தத் தழையில் பதினெட்டு மருந்து இருக்கிறதாம். மூக்கடைப்புக்கு ஒன்றுமில்லை போலும். மணமே தெரியாமல் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 8

வார்டில் நடந்தது பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. வகுப்பில் ஒருத்தி எழுந்தாள்.

“மேடம், விட்டாச்சா?”

“ஒரு பக்கம்.”

யாரும் சிரிக்கவில்லை. எப்படி ஆரம்பித்தது, எப்படி விடுகிறேன் என்று அரைமணி நேரம் சொன்னேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 19

வலது பக்கமும் விட்டாயிற்று. மிச்ச மருந்தைக் கொட்டினேன். காலையில் காப்பி மணக்கிறது.

தேச்சு குழந்தையை என்னிடம் தருவதில்லை. நான் கூடத்துக்கு வந்தால் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். கோபமா, பயமா? கேட்க எனக்குத் தைரியமில்லை. அந்தக் குழந்தையை ஒருமுறை தூக்கினால் போதும் என்று இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அரிசி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். தேச்சு பூவியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கொறகொறவென்ற சத்தம் எனக்கே கேட்டது.

“மூக்கு அடைச்சிருக்கு, அக்கா.”

“பால் குடிக்கிறாளா?”

“குடிக்கிறா.” குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “நீங்க இப்ப உங்க மூக்குக்கு என்ன போடறீங்க?”

“உப்புத்தண்ணி.”

“நிஜமா?”

“நிஜமா.”

“அப்ப போடுங்க. பாக்கறேன்.”

கையைக் கழுவிக்கொண்டு பாட்டிலை எடுத்து வந்து பெஞ்சில் மல்லாந்து படுத்தேன். அவள் அதை வாங்கி, மேலே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். பிறகு அவளே என் மூக்கில் ஊற்றினாள், இரண்டு பக்கமும், தேவைக்கு மேலேயே. தொண்டையில் இறங்கி இருமல் வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொட்டி தீய்ந்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

“ஒண்ணும் ஆகலையே?”

“ஒண்ணும் ஆகல.”

பூவிக்கென்று புது உப்புநீர்ப் பாட்டிலைப் பிரித்தேன். அதையும் வாங்கிப் படித்தாள். பிறகு குழந்தையை என் மடியில் கிடத்தினாள்.

“தலைய நான் பிடிச்சுக்கறேன். நீங்க ஊத்துங்க.”