கேளம்பாக்கத்துலயே தங்குங்க

தாம்பரம்

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்க கடிதம் கிடைச்சது. ரெண்டாம் சம்சாரத்தையும் அவ பெத்த புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் சுத்திப் பாக்க வர்றீங்களாம். கார் கிடையாது, எங்க தங்கினா வசதின்னு என்கிட்டயே கேட்டிருக்கீங்க. உங்க தைரியத்த என்னன்னு சொல்றது!

கேட்டுட்டீங்க, சொல்றேன். சின்னப் புள்ளைங்களோட கார் இல்லாம வர்றவங்களுக்குத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ்தான் தோது. வாசல்லயே எலக்ட்ரிக் ட்ரெயின். வண்டலூர் ஜூவுக்கு நெனச்ச நேரத்துக்கு பஸ். பசிச்சா எதிர்லயே ஓட்டல்.

ஆனா நீங்க கேளம்பாக்கத்துல தங்குங்க. அங்க ட்ரெயின் கிடையாது, பஸ்ஸுக்கு வெயில்ல காத்துக் கெடக்கணும், புள்ளைங்க அழும். அழட்டும்.

ஏன்னா நம்ம மக கைனாத் லீவுலயும் தினமும் ஹிந்தி கிளாசுக்குத் தாம்பரம் ஸ்டேஷன் பாலத்து மேலதான் போய் வர்றா. அவ அத்தா இன்னும் சவூதியில தம்மாம்லதான் வேலை பாக்குறாருன்னு நம்பிக்கிட்டிருக்கா. அப்படிச் சொல்லச் சொன்னது நீங்கதான்.

உங்க முகம் அவளுக்கு ஞாபகம் இருக்கான்னு எனக்குத் தெரியல. ஆனா அவள ஒத்தத் தோள்ல உக்கார வச்சு, அவ செருப்பச் சட்டைப் பையில சொருகிக்கிட்டு அந்தப் பாலத்துல நடப்பீங்களே, அத இன்னும் போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா.

அதனால, தாம்பரத்துலதான் தங்குவேன்னு அடம் பிடிச்சீங்கன்னா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தப் பாலத்துல உங்க புள்ளைங்கள நடக்க விடுங்க. தூக்காதீங்க.

உங்க மூத்த மகளோட அம்மா