நாலாம் படகின் செய்தி

மார்ச் 9
படகு கடலில் இறங்குவதற்கு முன்பே நான் இறங்கிவிட்டேன். தேங்காய்த் தட்டோடு, வேட்டியோடு, முல்லைத்தீவுக் கரையில் நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால். படகை உருட்டப் போட்டிருந்த தென்னங்குற்றி ஒன்று காலை வாரிவிட்டது. தட்டை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேனாம். படகை வாங்கிய டொக்டர் தங்கராசா அதைப் படமெடுத்து, எங்கள் படகுப் பட்டறையின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இருபத்து மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் அவுஸ்திரேலியாவில்.

படகு அழகாகத்தான் மிதந்தது. பட்டறை கட்டிய நாலாவது உல்லாசப் படகு. வெளியே பார்த்தால் மீன்பிடி றோலர். உள்ளே குசினி, கட்டில், குளிக்கிற அறை. "மீன் பிடிக்காத றோலருக்கு ஏன் இவ்வளவு பெரிய வயிறு?" என்று என் மனைவி இரஞ்சிதம் கேட்டாள். என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

டொக்டரும் மனைவி தாட்சாயினியும் கனடாவில் ஓய்வு பெற்றவர்கள். இனி இதில்தான் வாழ்க்கையாம். நாளை புறப்பாடு. காலித் துறைமுகம் வரைக்கும் இஞ்சின் பார்க்க எங்கள் மகள் தேனுகாவைப் பட்டறை அனுப்புகிறது. அவள் இஞ்சின் படித்தவள். நான் பைபர் ஒட்டுகிறவன், எட்டாம் வகுப்பு.

மார்ச் 10
ஆறரைக்கு வெளிக்கிட்டார்கள். கையசைத்தேன். அவள் இஞ்சின் அறைக்குள் நின்றிருப்பாள்.

மார்ச் 12
குழுவில் செய்தி: திருகோணமலை. டொல்பின் படம். தாட்சாயினி அம்மா நடுக்கடலில் தோசை சுட்ட படம். தோசை ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. முதலாளி செல்வநாயகம் எல்லாவற்றுக்கும் பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். அவுஸ்திரேலியாக்காரர் ஐந்தாவது படகு கேட்கிறாராம். இந்தப் பயணம் ஒழுங்காக முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 14
தேனுகா எழுதியிருக்கிறாள். மட்டக்களப்பு வந்தாயிற்று. நேற்றுக் காலை படகின் உள்ளடியில் கால் வாளி தண்ணீர். இன்று அரை வாளி.

விசிறியைச் சுற்றுகிற தண்டு வழியாகப் புதுப் படகில் சொட்டும், இறுக்கிவிடு பிள்ளை என்று முதலாளி பதில் போட்டார். அங்கே காய்ந்துதான் கிடக்கிறது என்று அவள் எழுதினாள்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவள் எழுதியதைத் திரும்ப வாசித்தேன்.

மார்ச் 14, பின்னேரம்
எழுதிவிடுகிறேன். இதிலும் பொய் எழுதினால் பிறகு எதில்தான் உண்மை எழுதுவது?

ஆழம் பார்க்கிற கருவிக்குப் படகின் அடியில் ஓட்டை போட்டது நான். பின்பக்கத்தைப் பார்த்து நின்று அளந்ததில் இடது வலதாகிவிட்டது. இருபது வருஷ அனுபவம்! பிழையான ஓட்டையை அடைத்தேன். பைபரை ஒன்றன்மேல் ஒன்றாகப் படை படையாக ஒட்டி நன்றாகத்தான் அடைத்தேன் — ஆனால் மூன்றாம் படைக்கும் நாலாம் படைக்கும் நடுவில் வற்றாப்பளை அம்மாள் கோயில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை வைத்து மூடினேன்.

மீன்பிடிப் படகுகளில் வைக்கிறதுதான். ஆனால் படகின் முன்மூக்கான அணியத்தில், தண்ணீருக்கு மேலே நல்ல உயரத்தில். இந்தப் படகின் அணியம் பூச்சு முடிந்து மினுங்கிக்கொண்டிருந்தது. திறந்து கிடந்தது இந்த ஓட்டை ஒன்றுதான். கடுதாசியிலும் சாம்பலிலும் பைபர் பிடிக்காது என்று புதிதாக வருகிறவர்களுக்கு வாய் வலிக்கப் படிப்பிக்கிறவன் யார்? நான்தான்.

இன்று அரை வாளி. அடைப்பு முழுதாகக் கழன்றால்? அது என் உள்ளங்கை அளவு.

மார்ச் 15
காலையில் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. காலியில் கரையேற்றிப் பார்ப்போம், அதுவரைக்கும் வாய் திறக்காதே, அவுஸ்திரேலியாக்காரரும் குழுவில் இருக்கிறார் என்றார்.

"காலி வரைக்கும் கடல் பொறுக்குமோ?"

"உன்ர பிள்ளைதானே நிக்கிறாள். பம்ப்பைப் போட்டு இறைப்பாள்."

என்ர பிள்ளை. ஓம். அதுதானே கதை.

வீட்டுக்கு வந்து தேனுகாவைப் பதினொரு தடவை அழைத்தேன். போன் போகவில்லை. அவர்கள் விடியவே மட்டக்களப்பை விட்டுவிட்டார்கள். இரஞ்சிதத்திடம் சொன்னேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"சிக்னல் வந்த உடன டொக்டர் குழுவைத்தான் திறப்பார். அதில சொல்லுங்கோ. நீங்கள் விழுந்ததைப் பாத்துச் சிரிச்ச ஆக்கள்தானே, இதையும் கேக்கட்டும்."

குரல் செய்தியாகச் சொன்னேன். வலப்பக்கம், முன் கட்டிலுக்குக் கீழே, அடைத்த ஓட்டை, வேலை என்னுடையது, உள்ளே திருநீறு இருக்கிறது, கிட்ட இருக்கிற துறைமுகத்துக்குள் போங்கோ என்று. நடுவில் இரண்டு தரம் இருமினேன். இருமலும் அவுஸ்திரேலியா போயிற்று.

முதலாளி மூன்று தரம் அழைத்தார். நான் எடுக்கவில்லை.

2.10 — ஒன்றுமில்லை.

3.40 — ஒன்றுமில்லை. இரஞ்சிதம் அடுப்பு மூட்டவில்லை.

4.25 — தேனுகா. "கட்டிலைக் கழட்டினம். அடைப்பு அசையுது. றப்பர் வைச்சுப் பலகையால முட்டுக் குடுத்திருக்கு. ஒலுவில் துறைமுகத்துக்குள்ள போறம்."

ஐந்து தரம் வாசித்தேன். அதில் "அப்பா" இல்லை.

மார்ச் 16
ஒலுவிலில் கட்டியாயிற்று. மூவரும் சுகம். இரண்டாம் படகை வாங்கியவர், தன் படகிலும் ஏதும் வைத்ததா என்று கேட்டிருக்கிறார். அவுஸ்திரேலியாக்காரர் குழுவை விட்டு விலகினார். முதலாளி எனக்கு ஒரே வரி: "சாமானோடை ஒலுவிலுக்குப் போ. இனி நீ ஒட்டுற ஒவ்வொரு படையையும் தேனுகா பாத்துக் கையெழுத்து வைக்கோணும்."

வேலை போகவில்லை. மேலதிகாரிதான் மாறியிருக்கிறார்.

மார்ச் 19
ஒலுவில். படகைக் கரையில் தூக்கி வைத்திருக்கிறார்கள். நான் கீழே மல்லாக்கப் படுத்திருந்து அடைப்பைச் சுரண்டினேன். நனைந்த திருநீறு முகத்தில் ஒழுகியது. தேனுகா டோர்ச் பிடித்தாள். சிரிக்கவில்லை.

தேத்தண்ணி கொண்டுவந்த டொக்டர்தான் குனிந்து பார்த்துச் சொன்னார்: "வயித்துக்குள்ள கத்தரிக்கோலை வைச்சுத் தைச்ச டொக்டர்மாரை எனக்குத் தெரியும், அண்ணை. ஒருத்தரும் இப்பிடிக் குழுவில வந்து சொல்லேல்ல."

முதல் படை, கையெழுத்து. இரண்டாம் படை, குமிழி இருக்கிறது, திரும்ப ஒட்டுங்கோ என்றாள். ஒட்டினேன். கையெழுத்து. மூன்றாம் படை, கையெழுத்து.

மாலைதீவு வரைக்கும் தேனுகாவை வரச் சொல்லி டொக்டர் கேட்டாராம். ஓம் என்று சொல்லிவிட்டாளாம். நாளை மறுநாள் புறப்பாடு.

நாலாம் படைக்கு முன் கேட்டாள்: "மற்ற மூண்டு படகிலயும் வைச்சனீங்களோ, அப்பா?"

"இல்லை."

"அப்ப இதில மட்டும் ஏன்?"

அணியம் பூச்சு முடிஞ்சிருந்தது, வேற இடம் கிடைக்கேல்ல என்றேன். அவள் கேட்டது அதுவல்ல. டோர்ச்சைத் திரும்ப ஓட்டைப் பக்கம் பிடித்தாள். பிறகு ஒட்டச் சொன்னாள், ஒட்டினேன். கையெழுத்து வைத்துவிட்டு ஏணியில் ஏறிப் போனாள்.

வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

மற்ற மூண்டிலும் நீ போகேல்லையே, பிள்ளை.